கிணற்றுத் தண்ணீர் வழியிலேயே காணாமல் போகிறதா?

மோட்டார் எப்போதும் போல் ஓடுகிறது. ஆனால் கடைசிப் பாத்தி நனையவில்லை. கோடையில் பல விவசாயிகள் சொல்லும் குறை இது. மோட்டாரைக் கழற்றுவதற்கு முன், மண்ணுக்குள் புதைத்துள்ள பி.வி.சி. குழாயைச் சோதிக்க வேண்டும்.

தமிழகத்தில் விவசாய பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். ஆகவே குழாய்க் கசிவு மின் கட்டணத்தில் தெரியாது. கிணற்றின் நீர்மட்டத்தில்தான் தெரியும். பெரியாறு - வைகை வாய்க்காலில் தண்ணீர் நின்ற பிறகு மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பகுதிகளில் மல்லிகையையும் தென்னையையும் காப்பது கிணறுதான். செலவில்லாமல் கசிவைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு.

மண் காட்டும் அடையாளம்

திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் மண் வெயிலில் வெடித்து, மழையில் உப்பும். இந்த அசைவினால் குழாய் இணைப்புகள் விட்டுப் போகின்றன. சுற்றிலும் நிலம் வெடித்திருக்க, குழாய் செல்லும் தடத்தில் ஓரிடத்தில் மட்டும் வெடிப்பு இல்லாவிட்டால் அங்கே தோண்டிப் பாருங்கள். செம்மண் நிலத்தில் தண்ணீர் உள்ளேயே இறங்கிச் சரிவில் வெளிப்படும். அங்கே கோரையும் அருகும் பச்சையாக இருந்தால், ஓட்டை அந்த இடத்துக்குச் சற்று மேட்டிலும் இருக்கலாம்.

ஓர் இரவுச் சோதனை

குழாய் கிணற்றிலிருந்து ஒரே சரிவாக இறங்குமானால் இம்முறை நன்கு உதவும். மாலையில் குழாய் முழுவதும் தண்ணீர் நிரப்பி மோட்டாரை நிறுத்துங்கள். பம்பு பக்கத்து வால்வை மூடுங்கள். மேட்டிலுள்ள முதல் திறப்பை மட்டும் காற்று புகத் திறந்து வைத்து, மற்றவற்றை மூடிவிடுங்கள். ஓட்டைக்கு மேலே நிற்கும் தண்ணீர் இரவில் வடிந்துவிடும். கீழே உள்ளது நிற்கும். காலையில் மேட்டிலிருந்து ஒவ்வொரு திறப்பாகத் திறந்து, அடிவரை குச்சியை விட்டுப் பாருங்கள். குச்சி நனையாத கடைசித் திறப்புக்கும், நனைந்த முதல் திறப்புக்கும் இடையில்தான் கசிவு இருக்கும். நிலம் சமமாக இருந்தால் இடையிலுள்ள வால்வுகளை மூடி, பகுதி பகுதியாகச் சோதிக்கலாம்.

பம்பு காற்று வாங்கினால்

கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது. காற்று உள்ளே போகும். மோட்டார் ஓடும்போது ஊதுபத்தியை இணைப்புகளின் அருகே பிடியுங்கள். புகை எங்கே உள்ளே இழுபடுகிறதோ, அங்கே பழுது. சோப்பு நுரை தடவினாலும் அந்த இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்படும். இணைப்புகள் சரியாக இருந்தும், மோட்டார் நின்றதும் தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பினால், புட் வால்வில் இலையோ மணலோ சிக்கியிருக்கும். ஈரக் கையுடன் மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் தொடக்கூடாது.

வீட்டிலும் பார்க்கலாம்

இரவில் தொட்டியின் நீர்மட்டத்தைக் கரித்துண்டால் குறித்து வையுங்கள். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் ஒரு செ.மீ. குறைந்தால் 10 லிட்டர் போயிற்று என்று பொருள். இரும்புக் குழாயாக இருந்தால், ஊர் அடங்கிய பின் மரக்குச்சியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வையுங்கள். கசியும் இடத்தை நெருங்க நெருங்க 'உஸ்' என்ற ஓசை கூடும். பிளாஸ்டிக் குழாயில் ஓசை அதிக தூரம் வராது. கழிப்பறைத் தொட்டியில் சிறிது கேசரிப் பவுடர் கலந்து, அரை மணி நேரம் தண்ணீர் திறக்காமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே கசிகிறது.

பழுது பார்க்கும்போது

வெடித்த துண்டை அறுத்து நீக்கி, முனைகளைத் துடைத்து நன்கு உலர்த்திய பிறகே பசை தடவிப் புதுத் துண்டைப் பொருத்த வேண்டும். ஈரத்தில் ஒட்டியது நிலைக்காது. கரிசல் மண்ணில் குழாயைச் சுற்றி மணல் இட்டு, உழவுக் கொழு படாத ஆழத்தில் புதைக்க வேண்டும். பசை இறுகும் வரை பொறுத்து, தண்ணீர் விட்டுப் பார்த்த பின்பே மண்ணை மூடுங்கள். மாசி மாதத்திலேயே ஒருமுறை இந்தச் சோதனைகளைச் செய்துவிட்டால், சித்திரையில் கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் சேரும்.