கிடாரின் முனகலும் செப்புக் கவசமும்

மின்சாரக் கிடாரில் நாதத்தைப் பிறப்பிக்கின்ற உறுப்பு எதுவோ அதுவே இரைச்சலுக்கும் பிறப்பிடமாக இருப்பதுதான் அந்த வாத்தியத்தின் விசித்திரம். தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் பிக்கப் என்னும் அவ்வுறுப்பு, காந்தத் துண்டுகளைச் சுற்றி மயிரிழையினும் மெல்லிய தாமிரக் கம்பியைச் சுற்றிய சுருளேயன்றி வேறில்லை. 1954-இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இத்தகைய பிக்கப்புகள் மூன்று, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 8,000 சுற்று. எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் மின்சாரம் தூண்டப்படுவது, 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவத்தின்படியே. ஆனால், தந்தியின் அசைவால் நேர்ந்த சலனம் இது, சுவருக்குள் ஓடும் மின்கம்பியாலும் தலைக்குமேல் எரியும் குழல்விளக்காலும் நேர்ந்த சலனம் அது என்று பகுத்துணரும் விவேகம் அந்தச் சுருளுக்கு இல்லையாதலால், விநாடிக்கு 50 சுழற்சியாக நம் வீட்டில் ஓடும் மின்சாரத்தின் முனகலையும் அது இசையோடு சேர்த்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடுகிறது.

இந்த உபத்திரவத்துக்குப் பரிகாரமாகக் கிடாரின் உட்குழியில் செப்புத் தாளை ஒட்டும் வழக்கம் வெகுவாகப் பரவியிருக்கிறது. பரிகாரம் மெய்யானதே, ஆயினும் அது பாதி நோய்க்குத்தான் மருந்து என்பதைப் பலரும் அறிந்துகொள்வதில்லை.

வெளியிலிருந்து வரும் தொல்லை இருவகைப்பட்டது. ஒன்று மின்புலத்தினால் விளைவது, மற்றது காந்தப்புலத்தினால் விளைவது. முன்னதைத் தடுப்பதில் செப்புத் தாளுக்கு நிகரில்லை. 1836-இல் ஃபாரடே 12 அடிச் சதுரமான ஓர் அறையை உலோகத்தால் போர்த்தி, அதன் வெளிப்புறத்தில் தீப்பொறி பறக்குமளவுக்கு மின்னேற்றி, தாம் உள்ளே இருந்து சோதித்தபோது, அங்கே மின்னின் சுவடே காணப்படவில்லை. கிடாரின் குழியையும், முன்பலகையின் உட்புறத்தையும் இடைவெளியின்றிச் செப்பால் மூடி, அதைக் கம்பியால் எர்த்தோடு இணைத்துவிட்டால், அதே அறையின் சிறு வடிவம் கிடாருக்குள் அமைந்துவிடுகிறது. தாளின் பசை மின்சாரத்தைக் கடத்துவதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய துண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றுக் கிடக்கும். எந்த இரு மூலைகளுக்கு இடையிலும் தடை ஏறத்தாழ சூனியமாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்வது உத்தமம். இசையைச் சுமக்கும் முனை ஏதேனும் தாளில் பட்டுவிட்டாலோ, இரைச்சலோடு சங்கீதமும் சேர்ந்து மௌனமாகிவிடும்!

வாசிப்பவர் தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைவதன் சூட்சுமமும் இதுவே. மனித தேகம் சுற்றுப்புறத்து மின்புலத்தை வாங்கி அருகிலிருக்கும் சுருளுக்குக் கொடுக்கும் சுபாவமுடையது. தந்திகள் எர்த்தோடு இணைந்திருப்பதால், அவற்றைத் தொட்ட மாத்திரத்தில் தேகமும் எர்த்தோடு சேர்ந்து, தொல்லை தந்ததே கவசமாக மாறிவிடுகிறது.

காந்தப்புலத்தின் சங்கதி வேறு. 50 சுழற்சிக் காந்தப்புலம் மூன்றில் ஒரு பங்காகத் தளர்வதற்கே செப்பில் சுமார் 9 மில்லிமீட்டர் கனம் வேண்டும். நாம் ஒட்டும் தாளோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கிடாரைப் பிடித்தவர் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும்போது முனகல் ஏறி இறங்குமானால், குற்றவாளி காந்தப்புலமே என்று துணிந்து கூறலாம். அதற்குத் தாள் வாங்குவது வீண் செலவு. ஆம்ப்ளிஃபயரை விட்டுச் சற்று விலகி நிற்பது செலவில்லாத உபாயம். கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் கண்ட உபாயமோ வெகு நேர்த்தியானது: இரு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்தங்களின் துருவங்களையும் எதிரெதிராக வைத்துவிட்டால், தந்தியின் நாதம் இரண்டிலும் கூடிப் பெருக, வெளியிலிருந்து வந்த முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. 1955-இல் விண்ணப்பித்த இந்த ஹம்பக்கருக்கு 1959-இல் காப்புரிமை கிடைத்தது. ஒற்றைச் சுருளின் தெளிந்த, கூரிய குரல் இதில் சற்று மழுங்குகிறது என்பது உண்மையே. அக்குரலை விரும்புகிறவர்கள் கொஞ்சம் முனகலையும் சகித்துக்கொள்வதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால், முனகலைப் போக்குவதாக எண்ணி ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடும் விபரீத யுக்தியை எவரும் கையாளலாகாது. ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, 1972 மே 3-ஆம் நாள் ஸ்வான்சீ நகர மேடையில், கிடாரைப் பிடித்தபடியே எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். செப்புத் தாள் வாங்கப் புறப்படுமுன், வீட்டுச் சுவரிலுள்ள மூன்று துளைப் பிளக்கில் எர்த் செவ்வனே இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.