ஆமை ஏன் 120 திரும்புகிறது?

ஜாசினிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கணினி வகுப்புக்கு அனுப்பினால் பையன் முக்கோணமும் நட்சத்திரமும் போட்டுக்கொண்டிருக்கிறானாம். வாத்தியாரிடம் சண்டை போடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா. அது 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் உருவாக்கிய லோகோ மொழியின் வழிவந்த பாடம். திரையில் இருப்பது ஆமை. "முன்னே 100, வலம் 90" என்றால் கோடு இழுத்தபடி போகும். நான்கு முறை சொன்னால் சதுரம்.

எனக்குப் பிடித்தது முக்கோணம். கோணம் 60 என்று கணக்குப் பாடத்தில் படித்த என் பேத்தி, 60 திரும்பச் சொன்னாள். வந்தது என்னவோ கவிழ்த்து வைத்த பால்வாளி! முற்றத்தில் மூன்று கல் வைத்து அவளை நடக்கவிட்டேன். மூலைக்கு வந்ததும் நின்று, கால்களைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நெறையாத் திரும்புறேனே" என்றாள். 60 உள்ளே இருக்கும் கோணம். நடப்பவர் திரும்புவதோ வெளிக்கோணம், 120.

மலாக்காப் பொய்யாத விநாயகர் சந்நிதியைச் சுற்றுகிறோமே, அதே கணக்குதான். நான்கு மூலை, மூலைக்கு 90. புறப்பட்ட இடத்தில் அதே திசை பார்த்து நிற்கும்போது 360 பாகை திரும்பியிருப்போம். முக்கோணத்திலும் மூன்று 120, அதே 360. ஐந்துமூலை நட்சத்திரம்தான் வேடிக்கை. மூலைக்கு 144 வீதம் 720. ஒரே சுற்றில் இரண்டு பிரதட்சணம்!

நான் பார்த்த ஒரு பள்ளியில் பலகையில் எழுதிப்போட்ட 120ஐப் பிள்ளைகள் பார்த்துத் தட்டினார்கள். எல்லார் திரையிலும் ஒரே முக்கோணம், ஒரு வாளிகூட இல்லை. 60 போட்டுப் பார்க்கவே விடாவிட்டால் அது தட்டச்சு வகுப்புதானே? வாசலில் சிக்குக்கோலம் போடும் நம் பெண்கள் அழித்து அழித்துத்தான் கற்றார்கள். அந்தக் கோலத்துக்குள் இலக்கண விதிகள் இருப்பதை 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் ஆய்வுக்கட்டுரையாகவே எழுதினார்கள்.

இன்று மாலை பையனிடம் ஏழுமூலை நட்சத்திரம் கேளுங்கள், போட்டுவிடுவான். அடுத்து ஆறுமூலை கேளுங்கள். பேனாவைத் தூக்கக்கூடாது, எல்லா மூலையிலும் ஒரே கோணம்தான் திரும்பலாம். ஆமை மூன்றாம் மூலையிலேயே வீட்டுக்கு வந்துவிடும். ஏன் என்று அவன் உங்களுக்குச் சொல்லட்டும்.