கூடுதலாகப் படித்தவர்கள் கூடுதல் காலம் வாழ்வது ஏன்? இந்தியத் தரவுகள் காட்டும் காரணம்

ஒருவர் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அவரது இறப்பு அபாயம் சராசரியாக 1.9 சதவீதம் குறைகிறது. 59 நாடுகளில் நடைபெற்ற 600-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, 2024 ஜனவரியில் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ மருத்துவ இதழில் வெளியான கட்டுரையின் முடிவு இது. பள்ளிக்கே செல்லாதவருடன் ஒப்பிடும்போது, 6 ஆண்டுகள் படித்தவருக்கு அபாயம் ஏறத்தாழ 13 சதவீதமும், 12 ஆண்டுகள் படித்தவருக்கு ஏறத்தாழ 25 சதவீதமும், 18 ஆண்டுகள் படித்தவருக்கு 34 சதவீதமும் குறைவாக இருந்தது. 18 ஆண்டுகள் என்பது நம் நாட்டுக் கணக்கில் முதுநிலைப் பட்டத்தையும் தாண்டிய படிப்பு.

இந்த எண்களின் கனத்தை உணர்த்த ஆய்வாளர்களே ஓர் ஒப்பீட்டைத் தந்துள்ளனர். பள்ளிக்கே செல்லாதிருப்பது, நாள்தோறும் ஐந்து கோப்பை மதுவோ அதற்கு மேலோ அருந்துவதற்கும், பத்து ஆண்டுகள் தினமும் பத்து சிகரெட் புகைப்பதற்கும் நிகரான கேட்டை விளைவிக்கிறது என்பது அவர்களின் கணக்கு.

தொடர்பு உண்டு என்பதில் இப்போது பெரிய ஐயம் இல்லை. அந்தத் தொடர்பு எந்த வழியில் செயல்படுகிறது என்பதே கேள்வி. கல்லூரி வகுப்பறை யாருடைய ரத்த அழுத்தத்தையும் நேரடியாகக் குறைப்பதில்லை. வசதியான குடும்பத்தில் பிறந்து, நல்ல உணவு உண்டு, நோயின்றி வளரும் குழந்தைதான் நெடுங்காலம் படிக்கவும் செய்கிறது. ஆகவே நீண்ட ஆயுளுக்குக் காரணம் படிப்பா, படிக்க வைத்த சூழலா என்ற கேள்வி பல ஆண்டுகளாக ஆய்வாளர்களிடையே நிலவி வருகிறது.

பிரிட்டனும் அமெரிக்காவும்

இதைச் சோதிக்க பிரிட்டன் ஒரு வாய்ப்பைத் தந்தது. அங்கே கட்டாயக் கல்வி முடியும் வயது 1947-ல் 14-லிருந்து 15 ஆகவும், 1972-ல் 15-லிருந்து 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. சில மாதங்கள் முன்பின்னாகப் பிறந்த காரணத்தால் மட்டுமே ஒரு பிரிவினர் ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தனர். இரு பிரிவினரின் இறப்பு விகிதத்தையும் ஒப்பிட்ட பொருளாதார அறிஞர்கள் டேமன் கிளார்க், ஹெதர் ராயர் ஆகியோர், அந்தக் கூடுதல் ஆண்டால் ஆயுளில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் காணப்படவில்லை என்று 2013-ல் எழுதினர். 1948 முதல் அனைவருக்கும் கட்டணமில்லா மருத்துவம் வழங்கும் நாடு பிரிட்டன். கண்டறிந்த முடிவுக்கு அதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது எனினும், அதை மறந்துவிட்டு இந்த முடிவைப் படிப்பதும் சரியாகாது.

அமெரிக்கா இதற்கு நேர் எதிரான காட்சியைத் தருகிறது. அங்கே நான்காண்டுக் கல்லூரிப் பட்டம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையிலான ஆயுள் இடைவெளியை, 25 வயதை அடிப்படையாகக் கொண்டு ஆன் கேஸ், நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் ஆகிய இருவரும் கணக்கிட்டனர். 1992-ல் அந்த இடைவெளி 2.5 ஆண்டுகள். 2019-ல் 6.3 ஆண்டுகள். கொரோனா பரவிய 2021-ல் 8.5 ஆண்டுகள்.

முப்பதே ஆண்டுகளில் கல்லூரிப் பாடம் மூன்று மடங்கு உயிர்காக்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டது என்று யாரும் வாதிட முடியாது. பட்டம் இல்லாதவருக்குக் கிடைக்கும் வேலை, ஊதியம், வேலையோடு ஒட்டிவரும் மருத்துவக் காப்பீடு ஆகியவையே தேய்ந்து போயின. ஒரு நாடு பட்டம் இல்லாதவருக்கு எதையெல்லாம் மறுக்கிறதோ, அதைப் பொறுத்தே பட்டத்தின் ‘ஆயுள் மதிப்பு’ கூடுகிறது, குறைகிறது. இந்தியாவை இந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்பது பயன் தரும்.

மாநில சராசரிகள் சொல்லாதவை

இந்தியாவில் ஆயுட்காலத்தைக் கணக்கிடுவது தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவு முறை. 2016–20 காலகட்டத்துக்கான அதன் அட்டவணைப்படி, பிறக்கும் இந்தியக் குழந்தையின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 70 ஆண்டுகள். கேரளத்தில் 75, சத்தீஸ்கரில் 65.1. இந்த அட்டவணைகள் ஆண், பெண் என்றும், கிராமம், நகரம் என்றும் பிரித்துத் தரப்படுகின்றன. இறந்தவர் எந்த வகுப்பு வரை படித்தவர் என்ற பிரிவு அவற்றில் இல்லை.

கேரளத்தைக் காட்டி, எழுத்தறிவு கூடினால் ஆயுளும் கூடும் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பீகாரின் எழுத்தறிவு 61.8 சதவீதம், சத்தீஸ்கரின் எழுத்தறிவு 70.3 சதவீதம். ஆயுளிலோ பீகார்தான் முன்னால் நிற்கிறது. அங்கே 69 ஆண்டுகளுக்கும் மேல். மாநில சராசரிகளை அடுக்கி இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. தனிமனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளே தேவை.

அப்படிப்பட்ட ஒன்று, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, கேரளத்தில் பிறந்த இதயநோய் வல்லுநர் சலீம் யூசுப் தலைமையில் நடைபெறும் ‘ப்யூர்’ ஆய்வு. பெங்களூரு, சென்னை, ஜெய்ப்பூர், சண்டிகர், திருவனந்தபுரம் ஆகிய நகரங்களின் ஆய்வு மையங்கள் இதில் பங்கேற்றுள்ளன. 20 நாடுகளில் 35 முதல் 70 வயது வரையிலான சுமார் 1.54 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து, அவர்களின் கல்வியையும் இதயநோய், இறப்பு ஆகியவற்றையும் ஒப்பிட்ட முடிவுகள் 2019-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியாயின.

பணக்கார நாடுகளில், தொடக்கக் கல்வியோடு நின்றவர்களின் இறப்பு அபாயம் கல்லூரியோ தொழிற்கல்வியோ பயின்றவர்களைப் போல 1.5 மடங்கு. நடுத்தர வருவாய் நாடுகளில் 1.8 மடங்கு. இந்தியா உள்ளிட்ட குறைந்த வருவாய் நாடுகளின் பிரிவில் 2.76 மடங்கு.

வியப்பு இதற்குப் பின்னரே வருகிறது. இந்தப் பிரிவில் குறைவாகப் படித்தவர்களின் உடல்நிலைக் குறியீடுகள் ஒட்டுமொத்தமாக மோசமாக இல்லை. படித்தவர்களுடையதைக் காட்டிலும் சற்றே நன்றாகவும் இருந்தன. இதயநோய்க்கு வழிவகுக்கும் காரணிகள் படித்தவர்களிடமே மிகுதி. ஆனால் மரணம் குறைவாகப் படித்தவர்களைத்தான் மிகுதியாகத் தேடி வந்தது. நோய் வந்த பின் கிடைத்த மருத்துவம் அவர்களுக்கு வெகு குறைவாக இருந்ததையே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

மருத்துவமனைக்குள் நடப்பது

இதே முடிவை இன்னும் நெருக்கமாகக் காட்டிய ஆய்வு ஒன்று அதற்கு முன்பே இந்தியாவில் நடந்திருக்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டெனிஸ் சேவியர் தலைமையிலான குழு, 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் மாரடைப்பு போன்ற தீவிர இதய பாதிப்புடன் சேர்க்கப்பட்ட 20,937 பேரின் விவரங்களைத் திரட்டி 2008-ல் வெளியிட்டது. அதில் நோயாளிகள் கல்வி வாரியாக அன்றி, பொருளாதார நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டனர். எனினும் நம் நாட்டில் இவ்விரண்டும் பெருமளவு ஒன்றையொன்று தழுவியே செல்கின்றன.

அடைப்பு நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை வசதி படைத்தவர்களில் 15.3 சதவீதம் பேருக்குக் கிடைத்தது. ஏழைகளில் 2 சதவீதம் பேருக்கு. கொழுப்பைக் குறைக்கும் மருந்து 61.2 சதவீதத்துக்கு எதிராக 36 சதவீதம். அந்த மாத்திரை அறுவை அரங்கமோ தனித்திறன் பெற்ற மருத்துவரோ தேவைப்படாத ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். முப்பது நாள்களுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதி படைத்தவர்களில் 5.5 சதவீதம்.

நோயாளிகளின் வயது, பழக்கங்கள், நோய்க் காரணிகள் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் இந்த வேறுபாடு நீங்கவில்லை. அளிக்கப்பட்ட சிகிச்சையின் வேறுபாட்டைக் கழித்தபோது நீங்கிவிட்டது. ஒரே அளவு சிகிச்சை கிடைத்திருந்தால் ஏழைகளின் கூடுதல் மரணங்கள் நேர்ந்திரா என்பதே இதன் பொருள். இந்த ஒற்றை வரி, கல்வியையும் ஆயுளையும் பற்றிய பல பக்க விவாதங்களைக் காட்டிலும் முக்கியமானது.

அப்படியென்றால் எல்லாம் பணம்தானா? அதுவும் இல்லை. ‘ப்யூர்’ ஆய்வில், குடும்பத்தின் சொத்தைக் கொண்டு அளந்த செல்வ நிலையைக் காட்டிலும் கல்வியே இறப்புடன் வலுவாகப் பிணைந்திருந்தது. நெஞ்சுவலியை வாயுக்கோளாறு என்று ஒதுக்காமல் உடனே கிளம்புவது, எந்த மருத்துவமனைக்குச் செல்வது என அறிந்திருப்பது, பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படும் மருந்துச் சீட்டையும் பரிசோதனை அறிக்கையையும் வாசிப்பது, மருத்துவரிடம் தயங்காமல் மறு கேள்வி கேட்பது ஆகியவை சொத்துக் கணக்கில் வருவதில்லை. பெங்களூரு குழுவின் ஆய்வில், வலி தொடங்கி மருத்துவமனையை அடைவதற்கு ஆன இடைநிலை நேரம் 360 நிமிடங்கள். சிகிச்சைக்குரிய பொன்னான நேரம் பெரும்பாலும் வழியிலேயே கரைந்துவிடுகிறது.

படிப்பு தரும் வேலைக்கும் இதில் பங்குண்டு. ஊதியத்துடன் விடுப்பும் குழுக் காப்பீடும் உள்ளவர் ஒரு நாளை மருத்துவமனையில் செலவிடலாம். தினக்கூலிக்கு அது ஒரு நாள் வருமான இழப்பு. பெண் கல்வியின் விளைவு அடுத்த தலைமுறைக்கும் நீள்கிறது. உலக அளவில் 1970 முதல் 2009 வரை குறைந்த குழந்தை இறப்புகளில் ஏறத்தாழ பாதி, பெண்கள் கூடுதலாகப் படித்ததன் பயன் என்று 2010-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான கணக்கீடு ஒன்று கூறியது.

மாறிவரும் நோய்கள்

குறைவாகப் படித்தவர்களுக்கு இதுவரை இருந்துவந்த ஒரே அனுகூலமும் நிலைக்கும் என்று எண்ண இடமில்லை. நீரிழிவு நெடுங்காலம் ‘வசதி படைத்தோர் நோய்’ என்றே அறியப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நீரிழிவு ஆய்வின் 2017-ஆம் ஆண்டு முடிவுகள் அந்தப் பெயரைக் கேள்விக்குள்ளாக்கின. சண்டிகர், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய வளர்ந்த பகுதிகளின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடையேதான் நீரிழிவு கூடுதலாகக் காணப்பட்டது. இதே ஆய்வுத் தொடரின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். நோயும் கூடி, சிகிச்சையும் எட்டாக்கனியாக இருந்தால் இடைவெளி எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவின் எண்களே எச்சரிக்கை.

உயர்கல்வியை விரிவாக்குவது தேவையே. 2021–22 கணக்கெடுப்பின்படி நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. இதை 2035-க்குள் 50 ஆக்குவது தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. ஆனால் இந்த விகிதம் 18 முதல் 23 வயது வரையிலானோரைப் பற்றியது. இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கும், எட்டாம் வகுப்போடு நின்ற கோடிக்கணக்கானோர் இனிக் கல்லூரிக்குப் போகப் போவதில்லை. அவர்களின் ஆயுள், பட்டத்தின் வழியாக அல்லாமல் சிகிச்சையின் வழியாகவே நீள முடியும்.

ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. 2024 அக்டோபரில் அது 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி நீட்டிக்கப்பட்டது. முதியோருக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் தொடக்கத்தில் குறிப்பிட்ட 2024 ஆய்வில், கல்வியால் வரும் வேறுபாடு 18–49 வயதினரிடையே ஆண்டுக்கு 2.9 சதவீதமாகவும், 70-ஐக் கடந்தவர்களிடம் 0.8 சதவீதமாகவும் இருந்தது. இடைவெளி மிக அகலமாக இருக்கும் வயதில், ஏழைப் பட்டியலில் இடம்பெறாத, அமைப்புசாரா வேலையில் இருக்கும் ஒருவர் இத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறார். உள்ளே இருப்பவருக்கும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பலன். ஆண்டு முழுவதும் விழுங்க வேண்டிய ரத்த அழுத்த மாத்திரைக்கு அது பணம் தருவதில்லை.

அந்த மாத்திரையை அரசு சுகாதார நிலையத்திலேயே தொடர்ந்து வழங்கி, நோயாளியின் பெயரைப் பதிவு செய்து, வராதவரைத் தேடி அழைக்கும் முயற்சி ஒன்றும் நடைபெற்று வருகிறது. இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் கேரளம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், பஞ்சாப், தெலங்கானா ஆகிய ஐந்து மாநிலங்களின் சில மாவட்டங்களில் தொடங்கி, பிற மாநிலங்களுக்கும் அது விரிந்தது. 2022-ல் ஐ.நா. விருதும் பெற்றது. அங்கே மாத்திரை வாங்க வருபவரிடம் எந்த வகுப்பு வரை படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.