கர்ப்பிணிக்கு மனம் ஒப்பிய மருத்துவத் துணை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் வாழும் அங்கத்தினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். கர்ப்பிணி தன்னைப் பரிசோதிப்பவரிடம் கூச்சமின்றிப் பேச இயலவேண்டும். கடுமையான தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் ஆகியவை இரத்த அழுத்தம் மிகுந்ததன் குறிகளாகலாம். உதிரப்போக்கும், குழந்தையின் அசைவு குறைதலும் அபாயமே. வெட்கத்தால் இவற்றை மறைத்தால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

ஆகையால், கருவுற்ற 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர் நம் சொல்லைப் பொறுமையுடன் கேட்கிறாரா, ஐயங்களுக்கு விளங்கும்படி விடையளிக்கிறாரா, இரவில் யாரை அழைப்பதென்று கூறுகிறாரா என்று பாருங்கள். மனம் ஒவ்வாவிடில் பரிசோதனையை நிறுத்திவிடலாகாது; பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ வேறொருவரை அணுகலாம். 2016-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டப்படி, நான்காம் மாதம் முதல் கர்ப்பிணிகளுக்கு ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் இலவசப் பரிசோதனை உண்டு. பிரசவத்திற்குள் 8 முறை பரிசோதனை தேவையென உலக சுகாதார ஸ்தாபனமும் அதே ஆண்டில் அறிவுறுத்தியது.

கணவர் தொழிலுக்குச் சென்ற இரவிலும் இடுப்புவலி காணலாம். உடன்செல்ல ஒரு பெண்ணை முன்னரே ஏற்பாடு செய்து வையுங்கள். வலி கண்டதும் 108-ஐ அழையுங்கள். வலையைச் சீர்பார்த்த பின்னரே படகேறும் அங்கத்தினர்கள் இம்முன்னேற்பாட்டின் அருமையை அறிவார்கள் என நம்புகிறோம்.