பம்பு அறையும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும்

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் உள்ள கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வயலுக்குப் போய், பம்பு அறையின் கதவைத் திறந்து பார்ப்போம். சுவரில் ஒரு மரப்பலகை. அதில் வெள்ளைப் பீங்கானால் ஆன மூன்று பியூஸ் கேரியர்கள். கீழே சிமெண்டு மேடைமேல் ஒரு மோட்டார். பீங்கானைப் பற்றி இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விருத்தாசலத்துச் சூளைகளில் கொலு பொம்மையும் வேகிறது, மின்சாரச் சாமானும் வேகிறது. நன்கு சுட்ட பீங்கானில் எலக்ட்ரான்கள் தம் அணுக்களோடு இறுகப் பிணைந்து கிடக்கின்றன. மின்சாரம் ஓட அங்கே வழி இல்லை. அதனால்தான் மின்சாரம் பாயும் கம்பியை அதன்மேல் துணிந்து பொருத்துகிறோம்.

கீழே இருக்கும் மோட்டாரின் கதை சற்று நீளமானது. அது கோயம்புத்தூரில் ஓர் உணவு விடுதியில் தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா?

1893-ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று, கோவைக்கு அருகே கலங்கல் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. துரைசாமி என்பது அவர் பெயர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை போலும்! தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. தந்தையின் தோட்டத்தில் வேலை செய்தார். ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி! அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அந்த இளைஞரை விடவில்லை.

அவர் வீட்டை விட்டுக் கோவைக்கு வந்து ஒரு விடுதியில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். கூலியை மிச்சம் பிடித்துச் சில நூறு ரூபாய் சேர்ந்ததும், அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் உடனே ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றினார்; மறுபடி பூட்டினார். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி உருளைக்குள் எரிந்து பிஸ்டனைத் தள்ளுவதும், அந்த மேல்-கீழ் ஓட்டம் சுழற்சியாக மாறிச் சக்கரத்துக்குப் போவதும் அவருக்குப் புத்தகத்தில் படித்த பாடம் அல்ல. கையில் எண்ணெய் படியக் கற்றது.

ஆனால் அந்த வண்டியோடு அவர் எந்திரத் தொழிலுக்குப் போய்விடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். பணம் வந்தது. இன்னும் பெருக்கலாம் என்று பம்பாய்க்குப் போனார். அங்கே அத்தனையும் போயிற்று. எல்லோரும் மோட்டார் சைக்கிள் கதையைத்தான் விரும்பிச் சொல்வார்கள். எனக்கு என்னவோ இந்தப் பம்பாய்க் கதைதான் முக்கியமாகத் தோன்றுகிறது. அந்த வியாபாரம் பலித்திருந்தால் அவர் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவிலேயே வாழ்நாளைக் கழித்திருக்கக்கூடும். வெறுங்கையோடு ஊர் திரும்பியவரிடம் மிஞ்சியிருந்தது எந்திர அறிவு ஒன்றுதான்.

கோவையில் ஆலைத் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவினார். 1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு தாமே ஓட்டினார். ஒரு பஸ் பல பஸ்கள் ஆகி, யூ.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனம் ஆயிற்று. பஸ்களைப் பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து புதுப்புதுக் கருவிகள் பிறந்தன. உலர் மின்கலத்தில் இயங்கும் சவரக் கருவி அவற்றில் ஒன்று.

1930-களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. கிணறுகளோ ஆழமானவை, கமலை கட்டி மாடுகள் இழுத்துக்கொண்டிருந்தன. கம்பியில் மின்சாரம் வந்தால் போதுமா? அதைச் சுழற்சியாக மாற்ற மோட்டார் வேண்டுமே! அதை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. 1937-இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து ஒரு மின்மோட்டாரை இங்கேயே உருவாக்கினார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைக் குறிப்பிடுவது வழக்கம். பின்னாளில் கோவை, பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் பெயர்பெற்ற நகரம் ஆயிற்று.

பள்ளிப் படிப்பை விட்டவர் என்பதால் படிப்பை அவர் வெறுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமைய முன்நின்றவர் அவரே. பட்டறையில் வேலை செய்துகொண்டே படித்தால் குறைந்த காலத்தில் பொறியியல் கற்றுவிடலாம் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். இதில் யார் பக்கம் நியாயம் என்பதை உங்கள் வகுப்பில் விவாதித்துப் பாருங்கள். 1974 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தார்.

இனி பம்பு அறைக்குத் திரும்புவோம். இங்கே இருப்பது தூண்டல் மோட்டார். வெளிக்கூட்டுக்குள் கம்பிச் சுருள்கள் அசையாமல் இருக்கின்றன. மும்முனை மின்சாரத்தின் மூன்று முனைகளும் ஒரே நேரத்தில் உச்சத்தை அடைவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அடைகின்றன. ஆகவே சுருள்கள் உண்டாக்கும் காந்தப்புலம் வட்டமாகச் சுற்றி வருகிறது. நடுவில் உள்ள சுழலிக்கு எந்தக் கம்பியும் போவதில்லை. சுற்றும் காந்தப்புலம் அதன் உலோகத் தண்டுகளை வெட்டிச் செல்லும்போது அவற்றில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்த மின்னோட்டத்தைக் காந்தப்புலம் தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது.

நம் மின்சாரத்தின் அதிர்வெண் நொடிக்கு 50. இரு துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும். சுழலி ஒருபோதும் அந்த வேகத்தை எட்டாது. எட்டிவிட்டால் புலம் தண்டுகளை வெட்டாது, மின்னோட்டமும் இராது, இழுக்கும் விசையும் இராது. எப்போதும் சற்றுப் பின்தங்கியே அது ஓடுகிறது.

அடுத்த முறை பம்பு அறைக்குப் போகும்போது, மின்சாரம் நிறுத்தியிருக்கும் வேளையில், மோட்டாரின் பெயர்த்தகட்டைத் துடைத்துப் படியுங்கள். வேகம் என்ற இடத்தில் 2,880 என்றோ அதை ஒட்டிய ஓர் எண்ணோ இருக்கலாம். அந்த மிச்சச் சுற்றுகள் எங்கே போயின என்று வீட்டில் யாராவது கேட்டால், விடை இப்போது உங்களிடம் இருக்கிறது.