பத்துமலைக்குச் செல்வோர் படிகளோடு நின்றுவிடலாமா?

கோலாலம்பூருக்குச் சென்று திரும்பும் எம்மவர்களில் பலர் பத்துமலை அடிவாரத்தில் எடுத்த புகைப்படத்துடன் வருகின்றனர். 2006 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலை, 272 படிகள் என்பவற்றோடு அவர்களது பார்வை முடிந்துவிடுகின்றது. மேலே உள்ள குகையைப் பற்றிக் கேட்டால் "பெரிய குகை" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை.

நகரில் இருந்து வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தொலைவில் உள்ள இம்மலையின் பெயரில் வரும் பத்து, எண்ணைக் குறிப்பதன்று. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை 1873 இல் நிறுவிய தம்புசாமிப் பிள்ளையே, வேல் வடிவில் தோன்றிய இக்குகை வாயிலைக் கண்டு 1891 அளவில் இங்கு வழிபாட்டைத் தொடக்கி வைத்தார். 1892 இலிருந்து தைப்பூசம் கொண்டாடப்படுகின்றது. புகையிரத சேவையிலும் அரச அலுவலகங்களிலும் பணியாற்றி, ஊர் திரும்பிய 'மலாயன் பென்சனியர்'களை அறிந்த குடாநாட்டவருக்கு இத்தலம் அந்நியமானதன்று.

இஸ்லாத்தைக் கூட்டாட்சியின் சமயமாகக் கொண்ட நாட்டில், கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் தைப்பூசம் பொது விடுமுறை தினமாகும். பிற சமயத்தவர் குகைக்குள் செல்லவும் தடையில்லை. எனவே, இங்கிருந்து செல்லும் முஸ்லிம் வாசகர்களும் தயக்கமின்றிப் படியேறலாம். பூசை வேளையில் சந்நிதியை விட்டுச் சற்று ஒதுங்கி நின்றால் போதுமானது. முழங்கால் மறையும் உடை அவசியம். கையில் தின்பண்டப் பையுடன் ஏறுவோரைக் குரங்குகள் விடுவதில்லை என்பதையும் சொல்லி வைக்கின்றோம்.

இனிக் குகைக்கு வருவோம். இம்மலை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழைமையான சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிப் பாறையின் வெடிப்புகளில் இறங்குகின்றது. கல் சிறிது சிறிதாகக் கரைய வெற்றிடம் உண்டாகின்றது. கரைந்த சுண்ணாம்பே துளித்துளியாகப் படிந்து கூரையில் விழுதுகளாகத் தொங்குகின்றது. கூரை இடிந்து விழுந்த இடத்தினூடாக வானமும் மரங்களும் தெரிகின்றன. சந்நிதியின் மீது விழும் வெளிச்சம் அவ்வழியே வருவதாகும்.

சுன்னாகத்தில் இருந்து பார்க்கும்போது இது தொலைதூரக் கதையன்று. எமது காலடியில் இருப்பதும், வயதில் இளையதாயினும், சுண்ணாம்புக்கல்லே. நிலாவரைக் கிணறு இவ்வாறு கூரை இடிந்து நீர் நிறைந்த குகையே. இக்கல்லின் வெடிப்புகளூடாக நல்ல நீர் எவ்வளவு விரைவாகப் பரவுமோ, அழுக்கும் அவ்வளவு விரைவாகப் பரவும். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காங்கேசன்துறையில் சீமெந்துக்காகக் கல் அகழ்ந்த பள்ளங்களும் கண்முன்னே உள்ளன.

பத்துமலையிலும் ஒரு பக்கம் கல்லுடைப்பு நடந்து பின்னர் நிறுத்தப்பட்டது. 2018 இல் குடமுழுக்கை முன்னிட்டுப் படிகளுக்குப் பல வண்ணம் பூசப்பட்டபோது, அனுமதி பெறப்படவில்லை என அந்நாட்டு மரபுரிமைத் திணைக்களம் ஆட்சேபித்தது. பார்ப்பதற்கு அவ்வண்ணங்கள் கவர்ச்சியாகவே உள்ளன. ஆயினும் அத்திணைக்களம் கேட்டது நியாயமான கேள்வி என்றே நாம் கருதுகின்றோம். பிரதான குகைக்குச் செல்லும் வழியில் உள்ள இருட்குகையில், வேறெங்கும் காண்பதற்கரிய, பொறிக்கதவு அமைத்து வாழும் சிலந்தியினம் ஒன்று உண்டு. படியேறி இளைப்பாறும் வேளையில் அக்குகை வாயிலையும் ஒரு தடவை நின்று பார்த்து வரலாம்.