சாவுக்குப் பழகுவதும் சாவை அறிவதும்

மரணத்தை ஒருவர் எந்த அளவுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பதை வினாத்தாளால் அளக்கும் வழக்கம் உளவியலில் வேரூன்றிவிட்டது. 1970இல் உளவியலாளர் டெம்ப்ளர் வகுத்த 15 கூற்றுகள் மரண அச்சத்தை மட்டுமே அளந்தன; 1994இல் வந்த திருத்திய மரண மனப்பான்மை அளவுகோலோ, 32 கூற்றுகளின் வழியாக அச்சத்தோடும் தவிர்ப்போடும் மூவகை ஏற்பையும் கணக்கிடுகிறது. இறப்பை இயற்கை நியதியாகக் கொள்வது நடுநிலை ஏற்பு, மறுமை இன்பத்தை எதிர்நோக்குவது நாட்ட ஏற்பு, வாழ்வின் துன்பத்திலிருந்து விடுதலையாகக் கருதுவது தப்பிப்பு ஏற்பு. இறப்பை நினைக்கும் பௌத்த தியானத்தின் பயனையும் இவ்வாறு அளந்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் ஐயத்துக்குரியது.

வடசென்னையில் திருவொற்றியூரை ஒட்டிய சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில், கிரேனில் தொங்கும் எஃகுச் சுருளுக்கு அருகே நின்று சங்கிலியைச் சரிசெய்யும் தொழிலாளி, 'வருகிறபோது வரட்டும்' என்று விடையளித்தால், அது தாளில் உயர்ந்த ஏற்பாகவே பதிவாகும். அந்த விடை தெளிவிலிருந்து பிறந்ததா, வேறு வழியின்மையிலிருந்து பிறந்ததா என்பதை மதிப்பெண் காட்டாது.

5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமக்கத்தை இயற்றிய புத்தகோசர், இந்த மயக்கத்தை அன்றே கண்டிருந்தார். மரணாநுஸ்ஸதி, அதாவது இறப்பை இடைவிடாது நினைக்கும் பயிற்சி, முறைதவறினால் வேண்டியவர் சாவில் துயரும், பகைவர் சாவில் உவகையும், தன் சாவை எண்ணுகையில் நடுக்கமும் தரும் என்றும், நாள்தோறும் பிணம் எரிப்பவருக்கு நேர்வதுபோல அயலார் சாவில் உள்ளம் அசையாமலே போகும் என்றும் அவர் எச்சரிக்கிறார். பழக்கத்தால் மரத்துப்போன மனத்தை அவர் தேர்ச்சியாகக் கொள்ளவில்லை; சங்வேகம் எனப்படும் உள்ள அதிர்வும் அதையொட்டிய விழிப்புமே அவர் வேண்டியவை. புத்தர் உரைகளின் தொகுப்பான அங்குத்தர நிகாயத்திலும், பாம்பு தீண்டலாம், கால் இடறலாம், உண்டது செரிக்காமற் போகலாம் என்று மாலைதோறும் எண்ணும் துறவி, தன்னிடம் எஞ்சிய குற்றங்களை அன்றே களைய முனைகிறார்.

தியானம் நோயாளியின் கலக்கத்தைத் தணித்தாலே போதும் என்பாரும் உளர். ஆனால் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், அதே வடசென்னையின் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பலர் மருத்துவமனை சேர்ந்த வட்டாரத்தில், அமைதியை மட்டும் நற்பண்பாக அளக்கும் கருவி, தடுக்கக்கூடிய சாவையும் இயற்கை நியதிக் கணக்கில் சேர்த்துவிடும். பௌத்தம் கேட்பது, இறப்பு உறுதி என்றறிந்தவர் இன்று எதைத் திருத்தினார் என்பதை. அக்கேள்வி இடம்பெறாத அளவுகோல் எந்த எண்ணைத் தந்தாலும், அதைத் தியானத்தின் பயன் என்று சொல்வதற்கில்லை.